ஒரு ரிங் வந்தால் உலை வைக்கணும்

டெலிபோன் அடித்தால் எடுக்கக் கூடாது. எங்கள் குப்பத்தில் ஒரு காலத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. என் பெட்டிக்கடையின் முன்கம்பத்தில் அந்தச் சிவப்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசுகிற பெட்டி. அது அடித்ததும் தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் அப்படியே நிற்பாள். வலை முடிகிற ஆண்கள் கையில் ஊசியோடு தலையைத் தூக்குவார்கள். வெற்றிலை வாங்க வந்தவர் நீட்டிய கையை மடக்க மாட்டார். எல்லோரும் எண்ணுவோம். ஒன்று. அவ்வளவுதான், நின்றுவிட்டது. உடனே நான் உள்ளே போய் அடுப்பில் உலை வைப்பேன். செங்கல்பட்டு மார்க்கெட்டில் என் ஓரகத்தி மீனை விற்று முடித்துவிட்டாள், பஸ் ஏறப் போகிறாள் என்று அர்த்தம்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. நான் இந்தக் கரைக்கு வாழ வந்தபோதே அவள் இங்கே ராணி மாதிரி இருந்தாள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே படகு. அவர்கள் பிடித்து வருகிற மீனைக் கரையில் ஏலக்காரன் சொல்கிற விலைக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வராது. "அவன் இன்னா என் மாமனா, சொன்ன வெலைக்குக் குடுக்க?" என்பாள். அன்னக்கூடையில் மீனை அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, மாமல்லபுரம் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் பிடிப்பாள். மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் முகத்தைச் சுளித்தால், "தம்பி, நேத்து உன் வூட்ல இன்னா கொயம்பு?" என்று கேட்பாள். அவன் சிரித்துவிடுவான். கூடை ஏறிவிடும். அவளுடைய குரல் அப்படி. கோபமாகப் பேசினாலும் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும். அவளிடம் தோற்காத கண்டக்டரை நான் பார்த்ததில்லை.

செங்கல்பட்டு மார்க்கெட் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கேயும் இதே மாதிரி ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. காசைப் போட்டு நம்பரை அழுத்தினால், எதிர்ப் பக்கத்தில் ரிசீவரை எடுத்தால்தான் காசு கடக்கென்று பெட்டியின் வயிற்றுக்குள் விழும். யாரும் எடுக்கவில்லை என்று வைத்துவிட்டால் காசு திரும்பிக் கீழே வந்துவிடும். இதை அவள் கண்டுகொண்ட அன்றைக்குச் சாயங்காலம் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் என் கடை முன்னால் வந்து நின்றாள். "இந்தாடி, நல்லா காதுல வாங்கிக்க. ஒரு ரிங்குன்னா நான் வந்துகினு கீறேன், உலை வை. ரெண்டுன்னா சரக்கு பத்தல, அடுத்த பஸ்ஸுல ஏத்தி வுடு. மூணுன்னா மார்க்கெட்டு படுத்துக்குச்சு, மிச்சத்தக் கருவாட்டுக்குப் போட்டுடு. அதுக்கு மேல அடிச்சா மட்டும் எடு. மூணுக்குள்ள எடுத்தியோ, கைய ஒடிச்சுடுவேன்."

"ஒடிச்சுட்டா உலை யாரு வைப்பா?" என்று கேட்டேன்.

"இன்னொரு கை கீது இல்ல?"

அப்படி ஆரம்பித்த வழக்கம். ரிங் விடுவது அவள் வேலை, எண்ணுவது என் வேலை. கொஞ்ச நாளில் குப்பமே அதைப் பிடித்துக்கொண்டது. அவரவர் வீட்டுக்கு அவரவர் கணக்கு இருந்தாலும், மார்க்கெட் நேரத்தில் வருகிற ரிங் எங்கள் இரண்டு பேருக்குமானது என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற நேரங்களில் வரிசையில் நின்று பேசுவார்கள். சண்டை போடுவார்கள், பெண் பார்ப்பார்கள், ஒருவர் பேசுவதை ஒன்பது பேர் கேட்பார்கள். அந்தப் பெட்டியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் செங்கல்பட்டு டெலிபோன் ஆபீசுக்கு நடையாக நடந்து, கைநாட்டு இல்லாமல் கையெழுத்தே போட்டு வாங்கி வந்தேன். கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் தினமும் சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பேன். ரிசீவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீன் செதிலை நகத்தால் சுரண்டி எடுப்பேன். "புருசனக்கூட இப்பிடித் தொடச்சிருக்க மாட்ட" என்று ஓரகத்தி சொல்வாள். அது உண்மைதான்.

மூன்றைத் தாண்டி அடித்த ரிங் ஒன்று என் நெஞ்சிலேயே நிற்கிறது. ஓரகத்தியின் மகளைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஓரகத்தி கூடப் போனாள். போகும்போதும் ஒரு கூடை நெத்திலியைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். "அவ வலி எடுத்துப் பெக்கற வரைக்கும் நான் சும்மா குந்திகினு இன்னா பண்ணப் போறேன்?" என்றாள். மத்தியானம் பெட்டி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. கடை முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எடுத்துக் காதில் வைத்தால், எடுத்த எடுப்பில் வசவு. "இன்னாடி ஐஸ் போட்ட? நெத்திலி பாதிக்கு மேல நசுங்கிக் கூழாப் பூடுச்சு. வாங்கறவன்லாம் மூஞ்சத் திருப்பிகினு போறான்!"

"யக்கா, கொயந்த இன்னாச்சு?"

"ஆங், அது பொறந்துச்சு. பொண்ணு. உன்ன மாதிரியே கீது, தொறந்த வாய மூட மாட்டேங்குது."

நான் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். என்ன என்று தெரியாமலே எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெட்டியின் வழியாக எனக்கு வந்த நல்ல சேதி எல்லாமே அவளுடைய திட்டோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. பெட்டியைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள், ஒரு நாள் லைனையும் நிறுத்திவிட்டார்கள். என் மகன் அதைக் கழற்றினான். நான் ஒரு பழைய புடவையில் சுற்றி அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். ஓரகத்தி மட்டும் கூடையை விடவில்லை. செல்போனும் வாங்கவில்லை. ஒரு நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பில் அடி. யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் அங்கே இருந்த சனங்களே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மகளுக்குச் சேதி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மகள் பொத்தேரியில், கல்லூரிப் பிள்ளைகள் தங்குகிற தெருவில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாயைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். "இனிமே நீ கடலோரம் பக்கமே போவக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். பகலெல்லாம் தன் தாய் யாரோ மாதிரி ஆஸ்பத்திரியில் கிடந்தாளே என்கிற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல முடியாது.

இடுப்பு தேறிவிட்டது. நடக்கிறாள், பூண்டு உரிக்கிறாள், பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைக்கிறாள். ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. மகளுடைய செல்போனில் நான் கூப்பிட்டால், முகம் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுப்பார்கள். அவள் சுவரைப் பார்ப்பாள். "ஆங்" என்பாள், "சரி" என்பாள், மகளிடம் போனை நீட்டிவிடுவாள். நேரில் போய்க் கேட்டதற்கு, "அடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடறீங்கோ. எடுத்தா மூஞ்சி தெரியுது. அதுக்கு மேல இன்னாத்த பேசறது?" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். இத்தனை கண்டக்டர்களைச் சிரிக்க வைத்த குரல். நாற்பது வருசம் என்னைத் திட்டிய குரல். அது இல்லாமல் என் வீடு எனக்கு வீடாக இல்லை. எப்படியாவது அவளைப் பேச வைக்க வேண்டும், ஒரு வார்த்தை திட்டினாலும் போதும் என்று நான் ஏங்கிப் போயிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் மகனுக்கு அந்த வேலை வந்தது. அவன் மாமல்லபுரத்தில் ரேடியோ, டேப், மிக்சி எல்லாம் ரிப்பேர் செய்கிறவன். கடற்கரைச் சாலையில் புதிதாக வந்த ஒரு ஓட்டல்காரர், பழைய காசு போன் பெட்டிகளைச் சுவரில் மாட்ட வேண்டும், வருகிறவர்கள் காசு போட்டுப் பேசிப் பார்க்கவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மகன் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கி, படாளம் வரைக்கும் போய்த் தேடி, ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்து கொட்டினான். என் முற்றத்தில் அவை செத்த ஆமைகள் மாதிரிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். அந்த எடை என் கைக்கு உடனே தெரிந்துவிட்டது. "தள்ளு, நான் தொடைக்கறேன்" என்று சொல்லிப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாட்கள் எவ்வளவு சந்தோசமாகப் போயின! ஸ்க்ரூ எல்லாம் துருவேறி இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாகத் தட்டித் திறக்க வேண்டும். ஒன்றின் உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. இன்னொன்றின் காசு போகிற பாதையில் ஒரு வாஷர் சிக்கியிருந்தது. எந்தத் திருட்டுப் பயலோ காசுக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். கொக்கி, ஸ்பிரிங், ரிசீவர் ஒயர் எல்லாம் மகன் பார்ப்பான். விரலில் துணி சுற்றிக் காசுப் பாதையைத் துடைப்பது, பொத்தான்களின் இடுக்கில் பல் பிரஷ் விட்டுத் தேய்ப்பது, உப்புக்காகிதம் போட்டுத் துருவை இழைப்பது, சிவப்பு பெயிண்ட் அடித்து வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைப்பது எல்லாம் நான். இப்போது வருகிற சின்ன ஒரு ரூபாயைப் போட்டால் பெட்டி ஏற்காது, நிற்காமல் வழுக்கிக் கீழே வந்துவிடும். பழைய பெரிய ரூபாய்தான் வேண்டும். என் உண்டியலில் அது இருந்தது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியாமலே வைத்திருந்தேன். கம்பி லைனுக்குப் பதிலாக மகன் உள்ளே ஒரு சின்ன டப்பாவைப் பொருத்தி, அதில் செல்போன் சிம்மைப் போட்டான். கடைசியில் மணி. அவன் புதிதாக ஒன்றை வாங்கி வைத்து அடித்துக் காட்டினான்.

"இன்னாடா இது, ஐஸ் வண்டிக்காரன் மாதிரி கீது?" என்றேன்.

"யம்மா, சத்தம் வந்தா சரிதானேம்மா."

"சரியில்ல. மாத்து."

முனகிக்கொண்டே ஒன்றுக்கும் ஆகாத ஒரு பெட்டியிலிருந்து பழைய மணியைப் பிடுங்கி மாற்றினான். அவனுடைய செல்போனிலிருந்து கூப்பிட்டான். முற்றத்தில் அந்தச் சத்தம் எழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைவிட ஒரு வேடிக்கை. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு கிழவிகள் நடுத்தெருவில் அப்படியே நின்றார்கள். உதடு அசைய எண்ணினார்கள். ஐந்தாவது தடவையாக மணி அடித்ததும் ஒருத்தி, "எடுடி! எதுனா ஆயிருக்கப் போவுது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அரிசி டிரம்மின் மேல் இருந்த என் பெட்டியை இறக்கினேன். "ஓட்டலுக்குப் போக மிச்சத்துல ஒண்ணு உன் பெரிம்மாவுக்கு, இது எனக்கு. ரெண்டையும் ஓட வை" என்றேன். "இன்னாத்துக்குமா? கையில போனு கீதே" என்றான். "அப்ப உன் போன வச்சு உங்க பெரிம்மாவ ஒரு வார்த்தை பேச வச்சுக் காட்டு" என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். புது நம்பரையெல்லாம் அவள் மனப்பாடம் செய்ய மாட்டாள் என்பதால், அவள் பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் என் பெட்டி அடிக்கிற மாதிரியும், என் பெட்டியில் அழுத்தினால் அவளுடையது அடிக்கிற மாதிரியும் செய்துவிட்டான். என்னுடையதைக் கடையின் பழைய முன்கம்பத்திலேயே மாட்டினான்.

குட்டியானை வண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு பொத்தேரிக்குப் போனோம். மெஸ்ஸில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஓரகத்தி ஒரு மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் துணி சுற்றிய பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். அவள் துணியை விலக்கினாள். பார்த்தாள். ஒரு விரலால் அதன் மேல் கோடு இழுத்தாள்.

"செவப்பு சரியில்ல. நம்ம பொட்டி குங்குமச் செவப்பு. இது மொளகாத்தூளு" என்றாள்.

எத்தனை மாதம் கழித்துக் கேட்ட ஒரு முழுப் பேச்சு! மகள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பெட்டியைச் சுவரில் மாட்டியதும் ஒரு கல்லூரிப் பையன் ஓடி வந்து தன் பையிலிருந்த ரூபாயைப் போட்டான். அது விழுந்த வேகத்தில் கீழே வந்தது. மறுபடி போட்டான், மறுபடி வந்தது. "உன் ரூபாக்கு வெயிட்டு பத்தாது தம்பி. போய் நல்லா துன்னுட்டு வா" என்றாள் ஓரகத்தி. வரிசையே சிரித்தது. மகன் அங்கிருந்து என் பெட்டிக்குப் போட்டுப் பார்த்தான். வெகு நேரம் அடித்த பிறகு வீட்டில் என் மருமகள் எடுத்துப் பேசினாள். எல்லாம் சரி. பழைய ரூபாய்களை ஒரு சுருக்குப் பையில் போட்டு அவள் மடியில் வைத்துவிட்டு, "ரிங் வுடுவ இல்ல?" என்று கேட்டேன். "பாக்கலாம். நேரமாச்சு, வண்டியேறு" என்று பூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து என் கடை முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பெட்டி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மருமகள், "நீங்களே போடறதுதானே அத்தே?" என்றாள். போடலாம். ஆனால் எங்கள் வழக்கத்தில் ரிங் விடுகிறவள் அவள். நான் முந்திக்கொண்டு போட்டால், உனக்குப் போட மனசில்லை என்று தெரிந்துகொண்டேன் என்று சொல்வது போல் ஆகிவிடும். எனக்கும் ராங்கி உண்டு. அவளோடு குடும்பம் நடத்தியவளுக்கு ராங்கி இல்லாமல் இருக்குமா? ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. இவ்வளவு பாடுபட்டுச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தும் ஒரு ரிங் விட அவளுக்குக் கை வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. பெட்டியைக் கழற்றி மறுபடி டிரம்மின் மேலேயே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது செல்போனில் அவள் மகள் கூப்பிட்டாள். எடுத்ததும் ஒரே சத்தம். "சித்தி, நீ இன்னாதான் நெனச்சுகினு கீற? யம்மாகிட்ட எதுனா சொல்லி வச்சியா?"

"நான் இன்னாடி சொன்னேன்?"

"தெனம் பசங்க நாஸ்தா துன்னுட்டுப் போனதும் குளிச்சுட்டு, நல்ல பொடவையா கட்டிகினு, துணிமணி வச்ச பைய எடுத்துகினு வந்து அந்தப் பொட்டியில காசு போடுது. ஒரே ரிங்கு. வச்சுடுது. காசு திரும்பி வந்ததும் எடுத்து இடுப்புல சொருவிக்குது. அப்பறம் வாசலையே பாத்துகினு குந்திகினு கீது. மத்தியானம் ஆனா பைய உள்ள வச்சுட்டு சொவரு பக்கம் திரும்பிப் படுத்துக்குது. கேட்டா, 'உன் சித்தி என்னக் கைவுட்டுட்டா'ன்னுது. இன்னா சித்தி இது?"

நான் ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டேன். ஒரு ரிங். நான் வந்துகொண்டிருக்கிறேன், உலை வை. வீட்டுக்கு வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வராது. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் இங்கே அவள் மேல் கோபமாக உட்கார்ந்திருந்தேன், அவள் அங்கே என் மேல்.

"எனக்கு ஒரு ரிங்கும் வரலடி! கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன், ஒண்ணும் வரல!" என்று கத்தினேன்.

மகன் ஓடி வந்தான். சேதியைக் கேட்டுவிட்டு, இப்போதே ஒரு தடவை ரிங் விடச் சொன்னான். "வுட்டுடுச்சு, வச்சுடுச்சு" என்றாள் மகள் செல்போனில். என் பெட்டி மூச்சு விடவில்லை. "கொஞ்ச நேரம் வைக்காம இருக்கச் சொல்லு" என்றான். அந்தப் பக்கம் ஓரகத்தியின் காதில் இரண்டு ரிங் முடிந்து மூன்றாவது கேட்டபோதுதான் என் பெட்டி முதல் ரிங் அடித்தது. "யம்மா, இது கம்பி லைனு இல்ல, சிம்முல ஓடறது. அங்க காதுல கேக்கற ரிங்கு வேற, இங்க அடிக்கற மணி வேற. லேட்டாதான் வந்து சேருது. பெரிம்மா ஒரு ரிங்குலயே வச்சுட்டா இங்க வரவே வராது" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஓட்டலில் மாட்டிய பெட்டிகளில் யாருக்கும் இந்தத் தொல்லை வராது. எடுக்கக் கூடாது என்பதற்காகவே ரிங் விடுகிறவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"வண்டிய எடு. போய் இட்டுகினு வா" என்றேன். ஆனால் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "முடியாது சித்தி. அங்க மறுபடியும் எங்கயாவது வுழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா? அன்னிக்கு ஒரு நாளு பட்டது போதாதா?" என்று அழுதுவிட்டாள். அப்போது அவளுக்குப் பின்னால் இருந்து ஓரகத்தியின் குரல் கேட்டது. "அவகிட்ட இன்னாடி பேச்சு? உலை வச்சாளான்னு மட்டும் கேளு."

"வச்சுட்டேன்னு சொல்லு" என்றேன். அடுப்புகூடப் பற்ற வைக்கவில்லை. சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு நடந்தேன்.

அழுகையோடு மகள் சிரித்தது எனக்குக் கேட்டது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். மாசி மகம் முடிகிற வரைக்கும் இருக்கட்டும். ஆனால் தினமும் காலையில் என் பெட்டியிலிருந்து அவள் மெஸ் பெட்டிக்கு ஒரு ரிங் வர வேண்டும். வந்தால் தாய் நல்லபடியாக எழுந்து நடமாடுகிறாள் என்று அர்த்தம். ஒரு நாள் வராவிட்டாலும் மெஸ்ஸை மூடிவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அன்றைக்கு மத்தியானம் என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரகத்தி வண்டியிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். "சங்கராவா? புளி தூக்கலாக் கீது" என்றாள். உள்ளே போய்க் கால் நீட்டி உட்கார்ந்து, தட்டை இழுத்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குழம்பைக் குறை சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு குறையையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசி மகம் வந்து போய்விட்டது. கரை முழுக்கச் சனம் கூடி, குளித்து, கலைந்தும் விட்டது. அவள் கிளம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கடைக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலத்தில் குப்பமே வரிசை கட்டி நின்ற பெட்டியில் இன்றைக்குப் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் வந்த மறுநாள் காலையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

குளித்துவிட்டு வந்து பெட்டி முன்னால் நின்றாள். "காதுல மூணு கேட்டப்பறம் வை பெரிம்மா, அப்பதான் அங்க ஒண்ணு அடிக்கும்" என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்தான். காசைப் போட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். விரலை மடக்கினாள், ஒன்று. இரண்டு. மூன்றாவது விரலை மடக்குவதற்குள் காசு கடக்கென்று உள்ளே விழுந்தது. பொத்தேரியில் மகள் பெட்டிக்குப் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் போலிருக்கிறது. மணியின் முதல் சத்தத்திலேயே எடுத்துவிட்டாள்.

"யாருடி உன்ன எடுக்கச் சொன்னது? காசு உள்ள பூடுச்சு!" என்று ஓரகத்தி போட்ட சத்தத்தில் கரையில் நின்ற காக்கைகள் பறந்தன.

"உன் கொரலக் கேக்கணும்னுதாம்மா எடுத்தேன்." ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"கேட்டுட்ட இல்ல? வை."

மகள் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. கம்பத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு, "நாஸ்தாவுக்கு இன்னா போட்ட? சாம்பாருல உப்பு பாத்தியா? அந்த வெயிட்டு பத்தாத தம்பி துன்னுச்சா?" என்று ஆரம்பித்தாள். நிமிசம் முடியப் போகிறது என்று பெட்டி பீப், பீப் என்று கத்தியது. அவள் பேச்சை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். நான் இன்னொரு ரூபாயை அதில் வைத்தேன்.